நொண்டத் தெரியாதவர்

குன்னூர் பஜாரில் ஒரு வர்க்கி பேக்கரிக்கு மேல்மாடியில், ஓய்வுபெற்ற சுபேதார் தேவநேசன் நொண்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் ‘முன்னாள் படைவீரர் ஆலோசனை மையம்’ என்று பலகை தொங்கியது. பட்டாளத்தில் இருந்த காலம் முழுவதும் எழுத்தர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனிதர். ரப்பர் செருப்புக்குள் தெரிந்த அவருடைய பாதங்கள் பால் குடிக்கிற குழந்தையின் பாதங்களைப் போல மழமழவென்று இருந்தன. நடந்து கெட்டவர்களுக்கு நடக்காதவர் வாத்தியார் என்று சசிரேகா நினைத்துக்கொண்டாள்.

அந்த மாடிக்கு அவள் தன் கணவர் பொன்ராஜை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்றிக்கொண்டு போனாள். ஏற்றிக்கொண்டு என்றுதான் சொல்ல வேண்டும். அவர் வலது காலை ஒரு படியில் வைத்து, இடது காலை இழுத்து அதனோடு சேர்த்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மூச்சு வாங்கி, பிறகு அடுத்த படிக்குப் போனார். மேலே கதவும் அதற்குள் ஆட்களும் தெரிந்த உடனே முதுகு நிமிர்ந்துவிட்டது. மீதிப் படிகளை மாப்பிள்ளை மாதிரி ஏறினார். சசிரேகாவுக்கு அங்கேயே எரிச்சல் வந்தது.

பொன்ராஜின் இடது காலில் மூன்று விரல்கள்தான். பனிமலைக் காவலில் இருந்தபோது ஓரத்து இரண்டும் கறுத்துப்போய் வெட்டி எடுக்கப்பட்டன. மிச்சமிருந்தவற்றில் தொடு உணர்ச்சி பாதி போயிருந்தது. வலி மட்டும் குறையாமல் இருந்தது. பட்டாளத்தை விட்டு வந்தபோது மருத்துவக் குழு அவரைக் கூப்பிட்டு வலி இருக்கிறதா என்று கேட்டது. இல்லை என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். கேட்டது அதிகாரி. அதிகாரி கேட்டால் வலி இல்லை, குளிர் இல்லை, பசி இல்லை; பதினேழு வருடம் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். அவர்களும் ஊனம் இருபது விழுக்காட்டுக்குக் கீழே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இருபது இருந்தால்தான் ஊன ஓய்வூதியம். விரல்களைப் பனிக்குக் கொடுத்தவர், அந்த ஓய்வூதியத்தை ஒரு ‘இல்லை சார்’க்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது அவர் தங்கள் ஊரான சோலூரிலிருந்து கிளென்மார்கன் போகிற வழியில் ஒரு ரிசார்ட்டின் கேட்டில் காவல் நிற்கிறார். பெங்களூரிலிருந்து வருகிற கார்களுக்கு சல்யூட் அடிக்க வேண்டும். பட்டாளத்துக்காரர் சல்யூட் அடித்தால் விருந்தாளிகளுக்குப் பிடிக்கிறதாம்; அதற்காகவே அவரை வைத்திருந்தார்கள். மழையிலும் மேகத்திலும் நனைந்த பூட்ஸுக்குள் பகல் முழுக்க கால் ஊறும். மூன்றாவது விரல் நிறம் மாறத் தொடங்கியபோது சசிரேகா ஊட்டியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். இந்த வேலையில் இன்னொரு குளிர்காலம் நின்றால் அந்த விரலும் போகும், அதோடு நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். சாதாரண ஓய்வூதியமும் அவளுடைய தேயிலை ஃபாக்டரி சம்பளமும் கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிற மகளுக்கே சரியாக இருந்தன. ஊன ஓய்வூதியம் வந்தால் பூட்ஸைக் கழற்றிவிட்டு வீட்டில் உட்காரலாம். அதற்காகத்தான் மேல்முறையீடு போட்டு, மறுபடி மருத்துவக் குழு முன் நிற்க ஒரு தேதியும் வாங்கியிருந்தாள். இந்த முறையும் அவர் ‘இல்லை சார்’ என்று சொல்லிவிட்டு வருவார் என்ற பயத்தில்தான் தேவநேசனிடம் வந்தாள்.

மாடியில் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆறுக்குட்டி என்பவன் சுவரோரமாக நொண்டிக் காட்டிக்கொண்டிருந்தான். சசிரேகாவுக்கு அவனைத் தெரியும், சோலூர்க்காரன்தான். லீவில் வந்திருந்தபோது சிநேகிதனின் பைக்கிலிருந்து விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டதை ஊரே பார்த்திருக்கிறது. அந்தச் சுளுக்கு இப்போது பயிற்சி மைதானத்தில் வந்ததாக மாறியிருந்தது. முந்தின வாரம்தான் அவன் கேரட் மூட்டையை முதுகில் ஏற்றி, மேட்டுத் தோட்டத்திலிருந்து லாரிவரை இறங்கி வந்ததை அவள் பார்த்திருந்தாள். இங்கே அவன் வலது கையைத் தொடையில் ஊன்றி, முழங்காலை மடக்காமல், கீழேயிருந்து வந்த பேக்கரி அடுப்பு வாசனையில் கண்ணை மூடி மூடி நடந்தான். பரவாயில்லாமல் இருந்தது. தேவநேசன் மட்டும் திருப்தியில்லாமல் தலையை ஆட்டினார்.

“வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லிப்புடாத. அது எல்லாரும் சொல்றது. கேட்டாங்கன்னா, ‘பழகிருச்சு சார்’னு சொல்லணும். சொல்லிட்டுத் தரையப் பார்க்கணும்” என்றார்.

பிறகு ஜன்னல் பாடம். மருத்துவக் குழு கூடுகிற, மலைச்சரிவில் இருக்கிற பட்டாளத்து ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரான மேஜருடைய அறைக்கு ஒரு பெரிய ஜன்னல் உண்டு. வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் இறங்குகிற ரோடு முழுக்க அதில் தெரியும். அறைக்குள் நடக்கிற நடையை மேஜர் சும்மா பார்த்து வைப்பார். ஆள் வெளியே போன பிறகு ஜன்னலருகே வந்து நின்று, ரோட்டில் எப்படிப் போகிறான் என்று பார்த்த பிறகுதான் எழுதுவார். போன வருடம் உள்ளே அழுதுகொண்டு நொண்டிய ஒருவன், வெளியே வந்து, பஸ்ஸைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப் பிடித்தானாம். இதைச் சொல்லும்போது தேவநேசன் முகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் மானமே போன வருத்தம் தெரிந்தது. ஆகவே நிறுத்தத்துக்கு அப்பால், கல்வெர்ட்டு வளைவு தாண்டுகிற வரைக்கும் கால் மாறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பொன்ராஜின் முறை வந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“நான் நடிக்க வரலீங்க.”

“யாரு தம்பி நடிக்கச் சொன்னா? உள்ளதக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கன்னுதான் சொல்றேன்.”

பொன்ராஜ் எழுந்து, யாரையும் பார்க்காமல், நிமிர்ந்த முதுகோடு வெளியேறினார். படிக்கட்டின் திருப்பத்தில், மேலே இருப்பவர்களுக்குத் தெரியாத இடத்துக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஆறுக்குட்டியைத் திட்டிக்கொண்டே வந்தார். தேவநேசனை ஒரு பொருட்டாக நினைத்துத் திட்டக்கூட அவருக்கு மனமில்லை. சசிரேகாவுக்கு அதில் மறுப்பு எதுவும் இல்லை. அவர்களெல்லாம் எச்சில் இலைக்கு வரிசையில் நிற்கிறவர்கள் என்பதுதான் அவள் எண்ணமும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து இப்படிப் பொரிந்துகொண்டு வருகிற மனிதரும் நடிகர்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அவர்கள் இல்லாததை ஆடுகிறார்கள். இவர் இருப்பதை மறைத்து ஆடுகிறார். வேஷம்தான் வேறு. அந்த வேஷத்துக்கு விலை விரல்.

“நீங்க ஒண்ணும் நடிக்க வேண்டாமுங்க. ஊட்டுக்குள்ள பாத்ரூமுக்கு எப்படிப் போறீங்களோ, அங்கயும் அப்படியே போங்க. அது போதும்” என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “சரி புள்ள” என்றார்.

அந்தச் ‘சரி’யை அவள் நம்பினாள். குழுவுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் அவர் கறுப்பு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது அந்த நம்பிக்கை போய்விட்டது. எச்சிலைத் தொட்டுத் தொட்டு முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார். செருப்புப் போட்டுக்கொண்டு போகலாமே என்றாள். ஆபீசர் முன்னால் செருப்பா என்று அவர் கேட்ட தோரணையில், அம்மணமாகப் போகச் சொன்னதைப் போல ஒரு அதிர்ச்சி இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீளமான பெஞ்சு. தேவநேசனின் மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஒருவருக்குக் குதிகால், ஒருவருக்குத் தட்டைப் பாதம், இன்னொருவருக்கு முட்டி. கோளாறு எதுவானாலும் எல்லார் வலது கையும் தொடையில் இருந்தது. எல்லாரும் ஒரே இடத்தில் கண்ணை மூடினார்கள். ஒரே தையல்காரர் தைத்த சட்டைகளைப் பார்ப்பது போல இருந்தது. வாசலில் நின்ற சிப்பாய் இந்த ஊர்வலத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். அவனை அவள் குறை சொல்லவில்லை. இதற்கு நடுவில்தான் தன் புருஷனின் நிஜமான காலும் மரியாதையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆயிரம் பொய்க்கு நடுவில் ஒரு உண்மையை வைத்தால் அதற்கும் நாற்றம் ஒட்டிக்கொள்ளும். அந்த மேஜர் ஜன்னலில் நின்று வேவு பார்க்கிற நிலைமைக்கு வந்தது இவர்களால்தான். ஆனாலும் வெட்டிய விரலைக் கண்ணால் பார்த்த பிறகும் வலியை நொண்டிக் காட்டச் சொல்கிற சட்டத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆறுக்குட்டி உள்ளே போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தான். வரும்போது தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். அவளைக் கடக்கும்போது மட்டும் ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

பொன்ராஜின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்தபோது அவள் சட்டையைப் பிடித்து இழுத்து, பாத்ரூமுக்குப் போகிற மாதிரி என்று ஞாபகப்படுத்தினாள். அவர் தலையை ஆட்டினார். முதல் சில எட்டுகள் சரியாகவே இருந்தன. இடது பாதத்தின் வெளிவிளிம்பில் பாரத்தைப் போட்டு, இடுப்பைச் சாய்த்து, அசிங்கமாக, உண்மையாக நடந்தார். சிப்பாய் கதவைத் திறந்தான். உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று சீருடைகள் தெரிந்தன.

கதவு மூடிக்கொண்டது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அணிவகுப்பில் நிற்கும்போது முழங்காலை உயரத் தூக்கித் தரையில் அறைகிற சத்தம். கதவின் கண்ணாடி அதிர்ந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் நொண்டுவதை மறந்து நிமிர்ந்து பார்த்தார்கள். அது இடது கால்தான் என்பது அவளுக்குத் தெரியும். யாரும் அவரை அப்படி அடிக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். மேஜைக்குப் பின்னால் சீருடையைப் பார்த்ததும் கால் தானாக எழுந்திருக்கும், தானாக இறங்கியிருக்கும்.

கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. ஷூவைக் கழற்றச் சொல்லியிருப்பார்கள். பிறகு ஒரு இளம் குரல் வலி இருக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்டது.

“நோ சார்!”

வராந்தாவின் கடைசிவரைக்கும் கேட்டது அது.

வெளியே வந்தபோது அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. உள்ளே என்ன கேட்டார்கள் என்று அவள் விசாரிக்கவில்லை. குனிந்து ஷூ நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டுகிற மனிதரின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் சோற்றில் உப்புக் குறைந்தால் சொல்லத் தெரிகிற வாய்தானே இது என்று நினைத்தாள்.

இன்னும் ஒரு வழி இருந்தது. ரோடு. மேஜர் எழுதுவதற்கு முன்னால் ஜன்னலுக்கு வருவார். தேவநேசன் சொன்னதில் ஏதாவது ஒன்று உண்மையாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். வாசலைத் தாண்டி இறக்கத்தில் கால் வைத்ததும், “இப்பவாச்சும் காலை அதும்போக்குல விடுங்க” என்றாள்.

பொன்ராஜ் விறைப்பாக இறங்கிக்கொண்டிருந்தார். கை இரண்டும் மைதானத்தில் வீசுகிற மாதிரி வீசின.

“பின்னால நின்னு பார்த்துட்டு இருப்பாங்க.”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

“பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சு நொண்டுனா, ஆறுக்குட்டிக்கும் எனக்கும் என்ன புள்ள வித்தியாசம்?”

“ரெண்டு வெரலு” என்றாள் சசிரேகா.

அவர் கை வீச்சு இன்னும் உயர்ந்தது. அப்போது பின்னாலிருந்து பஸ் இரைந்துகொண்டு வந்து, அவர்களைத் தாண்டி நிறுத்தத்தில் நின்றது. இறக்கத்தின் பாதியில் இருந்தார்கள். அவள் ஓடிப்போய்ப் படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி, ஓடி வாருங்கள் என்று கூப்பிட்டாள். அவள் மனதில் கணக்கு ஒன்றுதான். அவரால் ஓட முடியாது. ஓடப் பார்த்தால் மூன்றாவது எட்டில் எல்லாம் தெரிந்துவிடும். மற்றவர்களின் பொய்யைக் காட்டிக்கொடுத்த பஸ் இவருடைய உண்மையைக் காட்டிக்கொடுக்கட்டும்.

பொன்ராஜ் ஓடவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை. அதே தாளத்தில், முகவாய் நிமிர, இடது வலது என்று வந்துகொண்டிருந்தார்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு பரேடு முடிச்சுட்டு வாரதுக்குள்ள எனக்கு டூட்டி முடிஞ்சுருமாட்ட இருக்குதுங்களே” என்றார். ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கம்பியை விட்டாள். பஸ் போய்விட்டது.

அவள் மேலே பார்த்தாள். பெரிய ஜன்னலில் மேஜர் நின்றிருந்தார், கையில் ஒரு கப். பஸ் போனாலும் பதறாமல் நிமிர்ந்து நடக்கிற ஒரு ஆரோக்கியமான மனிதரைக் கடைசிவரைக்கும் பார்த்துவிட்டு, ஒரு வாய் குடித்துவிட்டு, உள்ளே திரும்பினார். நடை இயல்பு என்று எழுதியிருப்பார். எழுதியும் இருந்தார், பல மாதம் கழித்து வந்த முடிவில் அந்தச் சொற்கள்தான் இருந்தன. அவளுக்கு அன்றைக்கு அங்கேயே தெரிந்த செய்திதான் அது.

வளைவு தாண்டியதும் பொன்ராஜ் கல்வெர்ட்டுச் சுவரில் பொத்தென்று உட்கார்ந்தார். இடது ஷூவைக் கழற்ற அவர் கையால் முடியவில்லை. அவள் உட்கார்ந்து இழுத்தாள். சாக்ஸின் முனை நனைந்து கறுத்திருந்தது. தரையில் அறைந்ததில் அடிபட்ட அந்த மூன்றாவது விரல், இறுக்கிக் கட்டிய ஷூவுக்குள் நடந்ததில் உடைந்து திறந்துகொண்டிருந்தது. அவள் சாக்ஸைக் கழற்றவில்லை. ஷூக்கள் இரண்டையும் எடுத்துத் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

“இப்ப நொண்டுங்க. பார்க்கிறதுக்கு ஆளில்ல” என்றாள்.

அவர் மூச்சு நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

“ஜன்னல்ல நின்னாரா?”

அவர் குரலில் ஒரு சின்ன ஆசை இருந்தது. நின்றார் என்றால், இவ்வளவும் ஒரு அதிகாரியின் கண்முன் நடந்ததாக ஆகிவிடும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த மனிதர் அடுத்த விரலையும் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நிற்பார்.

“இல்லீங்க. ஜன்னல் சாத்தியிருந்துச்சு. யாருமே பார்க்கல.”

அவர் தோள்கள் இறங்கின. இத்தனை வருடத்தில் வலி இறக்காத தோள்கள். அவளுக்குக் கொஞ்சம்கூட வருத்தமாக இல்லை.

கையைக் கொடுத்துத் தூக்கினாள். அவர் அவள் தோளைப் பற்றிக்கொண்டு, சாக்ஸ் காலோடு, பாதத்தின் விளிம்பை ஊன்றி, ஒவ்வொரு எட்டுக்கும் வாயைத் திறந்து மூடி, பட்டப்பகலில் பொது ரோட்டில் நொண்டினார். அப்படிக் கொஞ்ச தூரம் போவதற்குள் பின்னாலிருந்து ஒரு ஆட்டோ வந்து ஓரம் கட்டியது. உள்ளே ஆறுக்குட்டி. வளைவு தாண்டிவிட்டதால் அவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“அண்ணா, அருமையா வருதுங்ணா” என்றான், உண்மையான வியப்போடு. “எனக்கே இப்படி வராது. இத உள்ளயே செஞ்சிருக்கலாமுல்லீங்? வலது கைய மட்டும் தொடையில வெச்சுட்டீங்கன்னா இன்னும் நம்புவாங்க.”

பொன்ராஜ் சட்டென்று நிமிர்ந்தார். அவள் தோளிலிருந்து கையை எடுத்தார். ஒரு எட்டு நேராக வைத்தார். இரண்டாவதற்குக் கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சீட்டில் சரிந்தார். சாக்ஸிலிருந்து ஆட்டோவின் தரையில் சொட்டியது. ஆறுக்குட்டி குனிந்து பார்த்தான். அவன் சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது. ஒரே தாவலில் அந்தப் பக்கமாகக் குதித்து இறங்கி அவளுக்கு இடம் விட்டான். அந்தக் கணுக்காலில் சுளுக்கின் தடயமே இல்லை.

“நீங்க மெதுவா நடந்து வாங்க தம்பி, கால் பத்திரம்” என்று சசிரேகா அவனிடம் சொல்லிவிட்டு, ஊட்டி டாக்டரிடம் விடும்படி டிரைவரிடம் சொன்னாள்.

டாக்டர் சாக்ஸைக் கத்தரித்து எடுத்தார். விளக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, இதை இனிக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிடலாம் என்றார். எதில் போய் இப்படி இடித்தார் என்று அவளைக் கேட்டார். தரையில் என்றாள். மீதியைச் சொன்னாலும் விளங்காது. டாக்டர் விரலைச் சுற்றி மெல்ல அழுத்தியபடி பொன்ராஜைப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்டார்.

டாக்டர் சீருடையில் இல்லை. அறையில் வேறு யாரும் இல்லை. பொன்ராஜ் சசிரேகாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“பழகிருச்சு சார்” என்றார்.

தேவநேசன் இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.